வேலையை விட்டவருக்கு இ.எஸ்.ஐ. நிவாரணம் கிடைக்குமா? கடலூர், புதுச்சேரித் தொழிலாளர்களுக்கான ஒரு விமர்சனம்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இ.எஸ்.ஐ.சி. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தின் வேலையிழப்பு நிவாரணம், தானாக ராஜினாமா செய்தவருக்கு ஒரு ரூபாய்கூடத் தராது. நிர்வாகம் வேலையிலிருந்து நீக்கியவருக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதச் சம்பளம் அளவுக்குத் தரும், அதுவும் ஆயுளில் ஒருமுறை. இதற்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பது என்பது நீங்கள் எப்படி வெளியே வந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. நீக்கப்பட்டவருக்கு ஐந்துக்கு மூன்று. ராஜினாமா செய்தவருக்குப் பூஜ்யம்.

இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு, திருபுவனை தொழிற்பேட்டைகளிலும் கடலூர் சிப்காட்டிலும் வேலையை விட்டுப் போகிறவர்களில் பலர் உண்மையில் விட்டவர்கள் அல்லர், விடவைக்கப்பட்டவர்கள். ஆனால் கையில் இருக்கும் காகிதத்தில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று அவர்களே எழுதிக் கொடுத்திருப்பார்கள். இ.எஸ்.ஐ. அலுவலகம் அந்தக் காகிதத்தைத்தான் பார்க்கும்.

திட்டத்தின் பெயர் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. தொடக்கத்தில் சராசரி தினச் சம்பளத்தில் 25 சதவீதம் என்றிருந்தது, கொரோனா காலத்தில், 2020 மார்ச் 24 முதல் பொருந்தும்படி 50 சதவீதமாக உயர்ந்தது. வேலை போய் 90 நாள் கழித்துத்தான் பணம் என்றிருந்ததும் 30 நாளாகக் குறைந்தது. திட்டம் நிரந்தரமானது அல்ல, நீட்டிப்புகளில் ஓடுகிறது. ஆகவே உங்கள் வேலை போன தேதி நடப்பிலிருக்கும் நீட்டிப்புக்குள் வருகிறதா என்பதை இ.எஸ்.ஐ.சி. தளத்தில் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது

வேலை போவதற்கு முன் குறைந்தது 2 ஆண்டுகள் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள வேலையில் இருந்திருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. கணக்கில் ஆண்டு இரண்டு பங்களிப்புக் காலங்களாகப் பிரிகிறது: ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒன்று, அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை இன்னொன்று. வேலை போவதற்கு உடனே முந்தைய பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பிடித்தம் இருக்க வேண்டும். அந்த 2 ஆண்டுகளின் மீதி மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் இருக்க வேண்டும். முன்பு நான்கு காலங்களிலும் 78 நாள் கேட்டார்கள். அதைத் தளர்த்தியது இந்தத் திட்டத்தில் நடந்த நல்ல காரியம், ஏனென்றால் சம்பளமில்லா விடுப்பிலும் ஆர்டர் இல்லாத மாதங்களிலும் நாள் குறைந்துபோன பலர் இதனால் உள்ளே வர முடிந்தது.

சம்பள உச்சவரம்பு மாதம் 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. சம்பள உயர்வு வந்து 21,000-ஐத் தாண்டினால், நடப்புப் பங்களிப்புக் காலம் முடியும் வரை பிடித்தம் தொடரும், அதோடு நின்றுவிடும். அப்படி நின்ற பிறகு வேலை போனால் இந்த நிவாரணம் கிடையாது. பத்து வருடம் பணம் கட்டியிருந்தாலும் இதே கதிதான். இது நியாயமில்லை, ஆனால் விதி அப்படி இருக்கிறது.

கிடைக்காதவர்களின் பட்டியல் நீளம். தானாக விலகியவர், விருப்ப ஓய்வில் போனவர், வயது முடிந்து ஓய்வு பெற்றவர், ஒழுங்கீனக் காரணம் காட்டித் தண்டனையாக நீக்கப்பட்டவர், கதவடைப்புக் காலத்தில் இருப்பவர், சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்ட வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டவர், பொய்த் தகவல் தந்து இ.எஸ்.ஐ. சட்டத்தில் தண்டனை பெற்றவர், வேறு திட்டத்தில் இதே மாதிரியான உதவித்தொகை வாங்கிக்கொண்டிருப்பவர் என எல்லோரும் அதில் அடக்கம். சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராமல் நின்றுவிட்டார் என்று நிர்வாகம் பதிவு செய்தாலும் அது தானாக விலகியதாகவே எடுத்துக்கொள்ளப்படும். இரண்டு இடங்களில் வேலை பார்ப்பவர் என்றால் இரண்டும் போனால்தான் வேலையிழந்தவர்.

எவ்வளவு வரும்

கணக்கு இப்படி: கடைசி நான்கு பங்களிப்புக் காலங்களில் உங்கள் பெயரில் காட்டப்பட்ட மொத்தச் சம்பளத்தைக் கூட்டி 730-ஆல் வகுக்க வேண்டும். அதில் பாதி ஒரு நாளைக்கான நிவாரணம். உச்சம் 90 நாள்.

மாதம் 15,000 வாங்குபவருக்கு 24 மாதத்தில் 3,60,000. 730-ஆல் வகுத்தால் 493 ரூபாய் சொச்சம். பாதி 246 ரூபாய் 58 காசு. 90 நாளுக்குச் சுமார் 22,190 ரூபாய். மாதம் 18,000 என்றால் சுமார் 26,630. வேலை பார்த்த நாள் எத்தனை என்றாலும் வகுக்கும் எண் 730-தான், மாறாது. ஆறு மாதம் சம்பளமே இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஆறு மாதமும் சராசரியைக் கீழே இழுக்கும்.

இங்கே ஒப்பந்தத் தொழிலாளர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கையில் 16,000 கொடுத்துவிட்டு இ.எஸ்.ஐ. கணக்கில் 11,000 என்று காட்டும் ஒப்பந்ததாரர்கள் இருக்கிறார்கள். மாதாமாதம் உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம். சம்பளத்தைக் குறைத்துக் காட்டினால் பிடித்தமும் குறைகிறது என்று சந்தோஷப்படாதீர்கள். மாதம் 5,000 குறைத்துக் காட்டினால் உங்களுக்கு மிச்சம் 37 ரூபாய் 50 காசு. நிவாரணம் கேட்கும் நாளில் நட்டம் சுமார் 7,400 ரூபாய்.

உங்கள் பெயரில் என்ன பதிவாகிறது என்பதை இப்போதே, வேலையில் இருக்கும்போதே பாருங்கள். பத்து இலக்க இன்சூரன்ஸ் எண்ணை வைத்து இ.எஸ்.ஐ.சி. தளத்தில் தொழிலாளிக்கான (Insured Person) லாகின் உருவாக்கிக்கொள்ளலாம். பங்களிப்பு விவரப் பக்கத்தில் மாதவாரியாக நாளும் சம்பளமும் வரும். சம்பள ரசீதோடு வைத்து ஒப்பிட்டால் ஐந்து நிமிட வேலை.

"காரணக் குறியீடு 2": எல்லாம் முடிவாகும் கட்டம்

ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் முந்தைய மாதப் பங்களிப்பை நிறுவனம் தளத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு ஓர் எக்செல் தாள் இருக்கிறது. இன்சூரன்ஸ் எண், பெயர், சம்பளம் தரப்பட்ட நாட்கள், மாதச் சம்பளம், அதற்கடுத்து வேலைநாள் பூஜ்யம் என்றால் அதற்கான காரணக் குறியீடு, கடைசி வேலைநாள். காரணக் குறியீட்டில் 1 என்றால் விடுப்பு, 2 என்றால் வேலையை விட்டார், 3 ஓய்வு, 4 உச்சவரம்பைத் தாண்டினார், 9 வேலைநிறுத்தம் அல்லது கதவடைப்பு, 10 ஆட்குறைப்பு, 11 வேலை இல்லை.

பெரும்பாலான நிறுவனங்களில் இந்தத் தாளை ஏற்றுவது வெளியிலுள்ள ஒரு கன்சல்டன்ட் அலுவலகம். அங்கே இருப்பவருக்கு உங்களை யார், ஏன் அனுப்பினார்கள் என்பது தெரியாது. ஆள் இல்லையா, 2 போட்டுவிடுவார். கெட்ட எண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை, பழக்கம்தான் காரணம். ஆனால் அந்த ஒற்றை இலக்கம், ஆட்குறைப்பில் போன உங்களைத் தானாக விலகியவராகக் காட்டிவிடுகிறது. அதன் பிறகு கிளை அலுவலகம் விசாரிக்கும்போது நிறுவனம் "ஆமாம், விட்டுவிட்டார்" என்று சொன்னால் விண்ணப்பம் அத்தோடு நிற்கும்.

வேலை போன வாரத்திலேயே நிர்வாகத்துக்கு மின்னஞ்சலில் ஒரு வரி அனுப்புங்கள்: "என்னை இந்தத் தேதியில் ஆட்குறைப்பு செய்துள்ளீர்கள். இ.எஸ்.ஐ. மாதாந்திரக் கணக்கில் காரணக் குறியீடு 10 என்று பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்." இது ஒரு பெரிய கோரிக்கை அல்ல, நிறுவனத்துக்கு இதனால் தனிச் செலவும் இல்லை. பல இடங்களில் கேட்டால் செய்துவிடுகிறார்கள். கேட்பவர்கள்தான் குறைவு.

நேரத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். ஜூன் 10-ஆம் தேதி வேலை போனால், ஜூன் மாதக் கணக்கில் உங்களுக்கு 10 நாள் சம்பளம் இருக்கும், பூஜ்யம் இருக்காது. பூஜ்யமும் காரணக் குறியீடும் வருவது ஜூலை மாதக் கணக்கில். அதை ஏற்றக் கடைசி நாள் ஆகஸ்ட் 15. ஆகவே ஜூலை 11-ஆம் தேதி 30 நாள் முடிந்துவிட்டது என்று விண்ணப்பித்தால், அலுவலகத்தின் திரையில் நீங்கள் இன்னும் வேலையில் இருப்பவராகவே தெரியலாம். நிராகரிப்பைப் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள். விண்ணப்பிக்க வேலை போன நாளிலிருந்து ஒரு வருடம் அவகாசம் இருக்கிறது. கணக்கு ஏறிய பிறகு மறுபடி போடலாம்.

விண்ணப்பிக்கும் முறை

இந்தச் சேவையின் பாராட்டத்தக்க பகுதி இதுதான். ஆரம்பத்தில் முத்திரைத்தாளில் நோட்டரி கையெழுத்தோடு பிரமாணப் பத்திரம் கேட்டார்கள், நிறுவனத்தின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். வேலையை விட்டுத் துரத்திய அதே வாசலில் கையெழுத்துக்குப் போய் நிற்க வேண்டிய நிலை. இப்போது தொழிலாளி நேரடியாகவே விண்ணப்பிக்கலாம், பிரமாணப் பத்திரமும் வேண்டாம் என்று 2020 நவம்பரில் தளர்த்தினார்கள். தொழிலாளிக்கான லாகினில் நிவாரணத் திட்டத்தின் பக்கத்துக்குப் போய், வேலை போன தேதியும் காலமும் கொடுத்து, ஆதார் நகலும் வங்கிப் பாஸ்புக் முதல் பக்கமும் ஏற்றினால் போதும். பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வரும். இணையம் கைவராதவர்கள் கிளை அலுவலகத்தில் நேரில் கொடுக்கலாம்.

எந்தக் கிளை அலுவலகம் என்பதில் நம் பகுதிக்கே உரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகும் கடலூர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நிறுவனம் புதுச்சேரிக் கணக்கில், வீடு கடலூரில். சேரும்போது கொடுத்த முகவரியையும் தேர்ந்தெடுத்த டிஸ்பென்சரியையும் வைத்துத்தான் உங்கள் கிளை அலுவலகம் அமையும். நிறுவனத்தின் எச்.ஆர். தமக்கு வசதியாக எல்லோருக்கும் ஒரே டிஸ்பென்சரியைப் போட்டிருக்கலாம். லாகினில் உங்கள் விவரத்தைத் திறந்து டிஸ்பென்சரி எது, கிளை எது என்று பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போனால் "உங்க ஃபைல் இங்க வராதுங்க" என்ற பதில்தான் கிடைக்கும்.

அடுத்தபடி விண்ணப்பம் தொங்குவதற்கு மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, பெயர். ஆதாரில் இனிஷியல் பின்னால், பாஸ்புக்கில் முன்னால், இ.எஸ்.ஐ. அட்டையில் இனிஷியலே இல்லை. மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. வேலையில் இருக்கும்போதே நிறுவனம் வழியாகத் திருத்துவது எளிது, வெளியே வந்த பிறகு இழுபறிதான்.

இரண்டாவது, வங்கிக் குறியீடு. 2020 ஏப்ரல் 1-இல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் இணைந்தன. பழைய பாஸ்புக்கில் அச்சடித்த ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு இப்போது செல்லாது. அதைப் பார்த்து நிரப்பினால் அனுமதி ஆன பணம்கூடத் திரும்பிப் போகும்.

மூன்றாவதுதான் மோசமானது: இரண்டு இன்சூரன்ஸ் எண்கள். ஒப்பந்ததாரர் மாறும்போது, பழைய எண்ணைக் கேட்காமல் புது எண் போட்டுவிடுவார்கள். ஒரே ஆலையில், ஒரே இயந்திரத்தில் இரண்டரை வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்குப் பழைய எண்ணில் பதினேழு மாதம், புது எண்ணில் பதினான்கு மாதம் என்று கணக்கு உடைந்து கிடக்கும். எதிலும் 2 ஆண்டு நிறையாது. இதற்குக் கிளை அலுவலகத்தில் இரண்டு எண்களையும் ஆதாரையும் கொடுத்து இணைக்கச் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டும். அதற்கு நாளாகும். புது ஒப்பந்ததாரரிடம் சேரும் அன்றே பழைய எண்ணைச் சொல்லிவிட்டால் இந்தப் பாடு வராது.

ராஜினாமா எழுதச் சொன்னால்

"நீயே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடு, அடுத்த இடத்துல நல்ல பேர் சொல்றோம், செட்டில்மென்ட்டும் சீக்கிரம் வரும்." இந்த வசனத்தைக் கேட்காத தொழிற்பேட்டை இல்லை. ஆட்குறைப்பு என்றால் ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு தர வேண்டும். ராஜினாமா என்றால் இரண்டும் இல்லை. கையெழுத்துக் கேட்பதன் உண்மையான காரணம் அதுதான். ஆறு வருடம் வேலை பார்த்தவர் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால், 90 நாள் சம்பளத்துக்கு ஈடான இழப்பீட்டையும் நோட்டீஸ் சம்பளத்தையும் இ.எஸ்.ஐ. நிவாரணத்தையும் ஒரே நேரத்தில் விட்டுக்கொடுக்கிறார்.

கையெழுத்துப் போடாமல் வெளியே வருவதுதான் சரி. "வேலையை விட்டு நிறுத்துவதாக நீங்கள் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். தரவில்லை என்றால் அன்று மாலையே ஸ்பீட் போஸ்ட்டில், பதிவும் ஒப்புகையும் சேர்த்துக் கடிதம் அனுப்புங்கள். வார்த்தைகள் எளிமையாக இருந்தால் போதும்: "இன்று காலை பணிக்கு வந்த என்னை வாசலில் நிறுத்தி, இனி வேலை இல்லை என்று மேற்பார்வையாளர் கூறினார். நான் ராஜினாமா செய்யவில்லை. பணி செய்யத் தயாராக இருக்கிறேன். நீக்கியிருந்தால் அதற்கான கடிதத்தை எழுத்தில் தரவும்." இந்தக் கடிதம் ஒன்று கையில் இருந்தால், பிறகு "வராமல் நின்றுவிட்டார்" என்று யாரும் எழுத முடியாது. வீட்டுக்கு "பணிக்குத் திரும்பவும்" என்று நிர்வாகம் தபால் அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் பதில் போடுங்கள். வாங்க மறுத்துத் திருப்பி அனுப்புவது உங்களுக்கே எதிராகும். வாட்ஸ்அப்பில் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று வந்த செய்தியை அழிக்காமல் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

மிரட்டலில் கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் ஓரிரு நாளுக்குள் அதை மறுத்து இதே முறையில் கடிதம் அனுப்பிவிட்டு, தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனுக் கொடுக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து மறுத்தால் நம்ப ஆள் இருக்காது. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: உண்மையிலேயே நல்ல வேலை கிடைக்கும் என்று நம்பி ராஜினாமா செய்துவிட்டு, ஆட்குறைப்பு என்று விண்ணப்பிப்பது. அலுவலகம் நிறுவனத்திடம் கேட்கும், கடிதம் வெளிவரும், பொய்த் தகவல் குற்றமாகும்.

ஆலையே மூடினால்

இது வேறு கதவு. ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்று 2005 ஏப்ரல் 1 முதல் இன்னொரு இ.எஸ்.ஐ. திட்டம் இருக்கிறது. ஆலை மூடல், சட்டப்படியான ஆட்குறைப்பு, வேலை சாராத விபத்தில் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஆகியவற்றால் வேலை போனால் முதல் 12 மாதம் சராசரி தினச் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். அந்தக் காலம் முழுக்கக் குடும்பத்துக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமும் உண்டு. முதல் திட்டத்தைவிட இது எவ்வளவோ மேல். 2020-இல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. ஆலையையும் அதற்கு முன் நின்றுபோன பஞ்சாலைகளையும் பார்த்த ஊர் புதுச்சேரி. மூடல் என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் இந்தத் திட்டத்தின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. சிக்கல் ஆவணத்தில்தான். சின்னப் பட்டறைகள் முறைப்படி மூடுவதில்லை. ஒருநாள் ஷட்டர் இறங்கும், மறுநாள் திறக்காது. மூடல் அறிவிப்போ ஆட்குறைப்புக் கடிதமோ இல்லாமல் கிளை அலுவலகம் எதுவும் செய்ய முடியாது. ஷட்டர் இறங்கும் பேச்சு அடிபடும்போதே எல்லோரும் சேர்ந்து எழுத்தில் கேட்பதுதான் வழி.

உண்மையிலேயே நீங்களாக விட்டிருந்தால்

நிவாரணம் இல்லை என்றாலும் கைவிட்டுப் போகாத சில உண்டு. அவற்றில் அதிகம் வீணாவது இ.எஸ்.ஐ. மருத்துவம். வேலையை விட்ட அன்றே அட்டை செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் 78 நாள் பிடித்தம் இருந்தால் அடுத்த ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை மருத்துவம் உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை 78 நாள் இருந்தால் ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை.

ஆகவே விடும் தேதியைத் தேர்ந்தெடுக்க முடிந்தவர்கள் காலண்டரை எடுத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துச் சம்பளம் கணக்கிடப்படும் மாதச் சம்பளக்காரருக்கு ஏப்ரலில் 30 நாள், மேயில் 31 நாள், ஜூனில் 17 நாள் என்று ஜூன் 17-ஆம் தேதி 78 நாள் நிறையும். மாதம் 26 நாள் கணக்கில் தினக்கூலி வாங்குபவருக்கு ஜூன் முடியும்வரை ஆகும். அதற்கு முந்தைய அக்டோபர்-மார்ச் காலக் கணக்கும் சரியாக இருக்கும் ஒருவர் ஜூன் 10-இல் விலகினால் அந்த டிசம்பரோடு மருத்துவம் முடிகிறது. ஜூலை 5-இல் விலகினால் அடுத்த வருடம் ஜூன் 30 வரை நீள்கிறது. வீட்டில் டயாலிசிஸிலோ தொடர் மாத்திரையிலோ யாராவது இருந்தால், கோரிமேடு இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போய்வரும் குடும்பத்துக்கு இந்த 25 நாள் வித்தியாசம் ஆறு மாத மருத்துவச் செலவு.

பி.எஃப். பணத்துக்கு விலகிய காரணம் தடையில்லை. ராஜினாமாவானாலும் நீக்கமானாலும் அது உங்கள் பணம். 2025 அக்டோபர் 13-இல் பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு எடுத்த முடிவின்படி, வேலை போனவுடன் 75 சதவீதம் எடுக்கலாம், முழுத்தொகைக்கான காத்திருப்பு 2 மாதத்திலிருந்து 12 மாதமாகவும், பென்ஷன் பங்கை எடுக்கக் காத்திருப்பு 36 மாதமாகவும் நீள்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் தளம் எந்தத் தெரிவைக் காட்டுகிறதோ அதன்படி போங்கள். அதற்கு முன் விலகிய தேதி பதிவாகியிருக்க வேண்டும். நிறுவனம் போடாவிட்டால், கடைசிப் பங்களிப்பு மாதத்திலிருந்து 2 மாதம் கழித்து யு.ஏ.என். எனும் பி.எஃப். எண்ணுக்கான லாகினில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஆதாரோடு இணைத்த கைபேசிக்கு ஓ.டி.பி. வரும். தேதியைத் தப்பாகப் போட்டால் மாற்றுவது பெரும்பாடு, ஆகவே சம்பள ரசீதைப் பார்த்துப் போடுங்கள். ஐந்தாண்டு நிறையாமல் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால் பான் இருந்தாலும் 10 சதவீத வரி பிடிப்பார்கள். வருமானம் வரி வரம்புக்குக் கீழே என்றால் 15ஜி படிவம் (அல்லது இப்போது அதற்குப் பதிலாக உள்ள உறுதிமொழிப் படிவம்) சேர்த்துக் கொடுத்தால் பிடித்தம் இராது. சிக்கினால், மாதந்தோறும் 27-ஆம் தேதி நடக்கும் பி.எஃப். குறைதீர் முகாமுக்கு ஆவணங்களோடு போகலாம்.

ஐந்தாண்டு முடித்தவருக்கு ராஜினாமாவிலும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு: கடைசி மாதச் சம்பளத்தில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகிய இரண்டு வேலைநாளுக்குள் பாக்கிச் சம்பளத்தைத் தரச் சொல்கிறது, ராஜினாமாவுக்கும் சேர்த்து.

தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையைப் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது வேலையை விட்டவருக்கானது அல்ல. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டு காத்திருந்தவருக்கானது, மாற்றுத்திறனாளிகளுக்கு 1 ஆண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும். கடலூர் மாவட்டத்துக்காரர் பழைய பதிவைப் புதுப்பித்து வைத்திருந்தால் கேட்டுப் பார்க்கலாம், புதுச்சேரிவாசிக்கு இது பொருந்தாது.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். ஆன்லைனில் தொழிலாளியே விண்ணப்பிக்கலாம் என்பதற்கும் ஒரு வருட அவகாசத்துக்கும் இந்தச் சேவை பாராட்டுப் பெற வேண்டும். குறைத்ததற்குக் காரணம் விசாரணை முறை. வேலையை விட்டு அனுப்பிய அதே நிறுவனத்திடமே "ஏன் போனார்?" என்று கேட்டு முடிவெடுப்பது தொழிலாளிக்கு எதிராகவே சாயும். தொழிலாளி அனுப்பிய தபாலையும் சம எடையில் பார்க்கும் வழி விதியிலேயே வர வேண்டும். அதுவரை நிராகரிப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதோடு மாதந்தோறும் நடக்கும் சுவிதா சமாகம் எனும் இ.எஸ்.ஐ. குறைதீர் கூட்டத்தில் தபால் ஒப்புகையையும் மின்னஞ்சல் நகலையும் வைத்து முறையிடுங்கள். 1800 11 2526 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் பதிந்தால் அதற்கு ஓர் எண் தருவார்கள், அதைக் குறித்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்குப் போகும்போது காட்டுங்கள்.